கல்வியும் களமும்: அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுத் திட்டங்களை மதிப்பிடுதல் பற்றிச் சில குறிப்புகள்

பல்கலைக்கழகமொன்றிலே சேர விரும்பும் மாணவர் அங்குள்ள பாடநெறிகள், ஆசிரியர் குழாம், நூலக வசதி ஆகியன பற்றி விசாரித்தறிவது வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே விளையாட்டுத் திறமை காரணமாகப் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்படும் இளைஞரின் நிலை இதனின்றும் வேறானது. அங்கே விசாரித்து வருவது பல்கலைக்கழகமே. பயிற்றுநர் இளைஞரின் வீடு தேடி வருகிறார்; பெற்றோருடன் உரையாடுகிறார்; வளாகத்துக்கு அழைத்துச் சென்று விளையாட்டரங்கையும் உடற்பயிற்சிக் கூடத்தையும் காட்டுகிறார். பதினேழு அல்லது பதினெட்டு வயதினர் ஒருவர் தமது உடலையும் வாழ்வின் நான்கு ஆண்டுகளையும் பற்றிய முடிவொன்றை இத்தகைய சூழ்நிலையிலேயே எடுக்க வேண்டியுள்ளது. அம்முடிவை எவ்வாறு அறிவார்ந்த முறையில் எடுக்கலாம் என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். அதற்கு முதலில் இவ்வமைப்பு உருவாகிய வரலாற்றினைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியமாகும்.

1

அமெரிக்காவின் முதலாவது பல்கலைக்கழகங்களிடையிலான விளையாட்டுப் போட்டி எனக் கொள்ளப்படுவது 1852 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஹார்வார்ட், யேல் ஆகிய கல்லூரிகளிடையே நியூ ஹாம்ஷயர் மாநிலத்து ஏரியொன்றில் நடைபெற்ற படகோட்டப் போட்டியாகும். மாணவரின் பயணச் செலவையும் தங்குமிடச் செலவையும் ஏற்றுக்கொண்டது ஒரு புகையிரத நிறுவனம். அவ்வேரிக்குத் தனது பாதை வழியே பயணிகளை ஈர்ப்பதே அதன் நோக்கம். வணிகம் பிற்காலத்தில் வந்து தூய விளையாட்டை மாசுபடுத்தியது என்ற பரவலான கருத்து இத்தொடக்கத்தை மறந்துவிடுகிறது. விளையாட்டும் வணிகமும் அங்கு முதல் நாளிலிருந்தே கைகோத்து வந்துள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க உதைபந்தாட்டத்தில் மாணவர் பலர் மரணமடைந்தமை பெரும் கண்டனத்தைத் தோற்றுவித்தது. அதன் விளைவாக 1906 இல் அமைக்கப்பட்ட சங்கமே 1910 இல் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற பெயரைப் பெற்றது. சங்கத்தின் விதிகள் ஒருபுறமிருக்க, வீரர்களைப் பணங்கொடுத்துச் சேர்க்கும் வழக்கம் பரவலாக இருந்ததை 1929 இல் கார்னகி நிதியம் வெளியிட்ட அறிக்கை அம்பலப்படுத்தியது. ஈற்றில் 1956 இல், மாணவரின் வறுமையையோ கல்வித் தகைமையையோ கருதாது விளையாட்டுத் திறமைக்காக மட்டும் புலமைப்பரிசில் வழங்குவதைச் சங்கமே அங்கீகரித்தது.

'மாணவ வீரர்' என்னும் தொடர் உருவாகிய காலமும் இதுவே. இத்தொடரின் பிறப்பு மனங்கொள்ளத்தக்கது. 1955 இல் கொலராடோ மாநிலக் கல்லூரியொன்றின் உதைபந்தாட்ட வீரர் களத்தில் தலையில் அடிபட்டு மாண்டார். தொழிலாளருக்குரிய நட்டஈட்டை அவரது மனைவி கோரினார். கல்லூரி உதைபந்தாட்ட வணிகத்தில் ஈடுபடவில்லை என்ற அடிப்படையில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1957 இல் அக்கோரிக்கையை நிராகரித்தது. இத்தகைய கோரிக்கைகள் பெருகிவிடக்கூடும் என்ற அச்சத்திலேயே 'மாணவ வீரர்' என்ற தொடரைத் தாம் புகுத்தியதாக, 1951 முதல் 1987 வரை சங்கத்தின் தலைமை நிருவாகியாக விளங்கிய வால்ற்றர் பையர்ஸ் 1995 இல் வெளியிட்ட தமது நூலில் ஒப்புக்கொண்டார். வீரரைத் தொழிலாளராகக் கருதுவதைத் தடுப்பதற்கென்றே ஒரு சொல் ஆக்கப்பட்டது. மொழி எவ்வாறு உற்பத்தி உறவுகளை மறைக்கும் திரையாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்பது அரிது.

1973 இல் புலமைப்பரிசில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாக மாற்றப்பட்டது. இதனால் வீரரின் கல்வி பயிற்றுநரின் திருப்தியிலே தங்கியிருக்கும் நிலை ஏற்பட்டது. 1984 இல் தொலைக்காட்சி உரிமைகள் மீதான சங்கத்தின் ஏகபோகத்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் தகர்த்தது. அதன்பின் பெரும் பல்கலைக்கழகங்களின் வருவாய் வேகமாகப் பெருகியது. ஆண்களின் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை ஒளிபரப்பும் உரிமை மட்டுமே 2010 இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. பயிற்றுநர்களின் சம்பளமும் அரங்குகளின் அளவும் வளர்ந்தன. ஆடியவர்களுக்குக் கிடைத்ததோ படிப்பும் உணவும் உறைவிடமும் மட்டுமே.

இந்நிலை அண்மைக் காலத்தில் மாற்றமடைந்துள்ளது. கல்வி சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் விதித்த வரையறைகள் போட்டிச் சட்டத்துக்கு முரணானவை என 2021 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு வழங்கிப் பணம் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 யூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கத் தீர்வின்படி முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டொலர் வழங்கப்பட வேண்டும். அத்துடன் பல்கலைக்கழகங்கள் தம் வீரர்களுடன் வருவாயை நேரடியாகப் பகிரலாம். 2025-26 ஆம் ஆண்டுக்கு அப்பகிர்வின் உச்ச எல்லை ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர்.

2

இப்பின்னணியிலே, தமக்கு வந்த அழைப்பை ஓர் இளைஞர் எவ்வாறு மதிப்பிடலாம்? ஐந்து வினாக்கள் அடிப்படையானவை என நாம் கருதுகிறோம்.

முதலாவது, வழங்கப்படும் உதவி எத்தகையது என்பது. சங்கத்தின் கீழுள்ள நிறுவனங்கள் 1973 முதல் மூன்று பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. மூன்றாம் பிரிவினர் விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குவதில்லை. முதற்பிரிவைச் சேர்ந்தனவாயினும், ஹார்வார்ட், யேல் முதலிய எட்டுப் பல்கலைக்கழகங்களைக் கொண்ட ஐவி கூட்டமைப்பும் வழங்குவதில்லை. அங்கே குடும்ப வருமானத்தின் அடிப்படையிலேயே உதவி கிடைக்கும். ஏனைய இடங்களிற்கூட 'புலமைப்பரிசில்' என்ற சொல் முழுச் செலவையும் குறிக்கும் என எண்ணலாகாது. பலருக்குக் கிடைப்பது ஒரு பகுதியே. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தச் செலவுகளுக்கு, எந்த நிபந்தனைகளின் பேரில் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். பயிற்றுநரின் வாய்மொழி வாக்குறுதி அவர் வேறிடம் சென்றதும் மறைந்துவிடும். பயிற்றுநர்கள் இடம் மாறுவது அங்கு அன்றாட நிகழ்வாகும்.

இரண்டாவது, சென்ற ஆண்டுகளில் அக்குழுவில் சேர்ந்தோருள் எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்பது. 1990 இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, விளையாட்டுப் புலமைப்பரிசில் வழங்கும் பல்கலைக்கழகங்கள் அப்பரிசில் பெற்றோரின் பட்டம்பெறும் வீதத்தை வெளியிட வேண்டும். ஆயினும் இரு வேறு வீதங்கள் வழக்கிலிருப்பதை அறியாதோர் எளிதில் ஏமாறக்கூடும். ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு குழுவில் 20 பேர் சேர்கின்றனர். 10 பேர் ஆறாண்டுக்குள் அங்கேயே பட்டம் பெறுகின்றனர்; 6 பேர் கல்வித் தகைமை குன்றாது வேறிடம் செல்கின்றனர்; 4 பேர் படிப்பைக் கைவிடுகின்றனர். அரசாங்கக் கணிப்பின்படி வீதம் 50. சங்கத்தின் கணிப்போ விலகிச் சென்ற அறுவரையும் தொகையிலிருந்து நீக்கிவிடுவதால், 14 பேரில் 10 பேர் எனக் கொண்டு 71 என்ற வீதத்தைத் தரும். இரண்டும் பொய்யல்ல. முதலாவது கணிப்பு நல்ல நிலையில் இடம் மாறியவரையும் தோல்வியுற்றவராகக் காட்டுகிறது. இரண்டாவது, குழுவிலிருந்து வெளியேற நேர்ந்தோரின் தொகையை மறைக்கிறது. எனவே இரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதோடு, இடைவெளி பெரிதாயின் அதன் காரணத்தையும் வினவுதல் வேண்டும்.

மூன்றாவது, பெறும் பட்டத்தின் தரம் யாது என்பது. வீதம் உயர்ந்திருப்பினும் கல்வி உயர்ந்திருக்கும் என்பதற்கில்லை. வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில், விரிவுரையே நடைபெறாத பாடங்களுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகப் புள்ளிகள் வழங்கப்பட்டு வந்ததை 2014 இல் வெளியான விசாரணை அறிக்கை எடுத்துக்காட்டியது. அவற்றிற் பங்குபற்றிய 3,100 இற்கு மேற்பட்ட மாணவருள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் விளையாட்டு வீரர். அப்பாடங்கள் எல்லா மாணவருக்கும் திறந்திருந்தன என்ற காரணத்தால் சங்கம் 2017 இல் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. எனவே வீரர்கள் எத்துறைகளிற் பயில்கின்றனர், பொறியியலோ மருத்துவத்துக்கு முன்னோடியான விஞ்ஞானப் பாடங்களோ கற்கும் வீரர் எவரேனும் உளரா, பிற்பகல் ஆய்வுகூட வகுப்பும் பயிற்சியும் மோதும்போது எது விட்டுக்கொடுக்கப்படுகிறது என்பன கேட்கப்பட வேண்டிய வினாக்கள். பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலத்துக்கு மேற்படாத கட்டாயப் பயிற்சியே விதிகளில் அனுமதிக்கப்பட்டுள்ளது. ஆனால் பயணம், சிகிச்சை, 'சுயவிருப்பப்' பயிற்சி ஆகியன இக்கணக்கில் அடங்கா. இவற்றுக்கு விடை பயிற்றுநரிடம் கிடையாது. குழுவின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவரிடமும் குழுவை விட்டு விலகியோரிடமுமே கிடைக்கும்.

நான்காவது, காயமுற்றால் என்ன நிகழும் என்பது. முதற்பிரிவில் 2024 ஆகத்து மாதம் நடைமுறைக்கு வந்த விதிகள், விளையாட்டினால் ஏற்பட்ட காயங்களுக்கான மருத்துவக் காப்பு கல்லூரியை விட்டு நீங்கியபின் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கேனும் கிடைக்க வேண்டுமெனக் கூறுகின்றன. இது முன்னேற்றமே. எனினும் தேய்ந்த முழங்கால் மூட்டும் தலையில் மீண்டும் மீண்டும் பட்ட அடியின் விளைவும் இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடுவனவல்ல. காயமுற்ற வீரர் மீண்டும் களமிறங்கலாமா எனத் தீர்மானிக்கும் மருத்துவர் பயிற்றுநரின் அதிகாரத்துக்கு உட்பட்டவரா, சுயாதீனமானவரா என்பது இங்கே முக்கியமானது.

ஐந்தாவது, பணம் எங்கிருந்து வந்து எங்கே செல்கிறது என்பது. அரசாங்க உதவி பெறும் கலவன் நிறுவனங்கள் ஆண், பெண் விளையாட்டுகளுக்கான வருவாய், செலவு, பங்குபற்றுவோர் தொகை ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமென 1994 இல் சட்டம் இயற்றப்பட்டது. கல்வியிற் பால் வேறுபாட்டைத் தடைசெய்த 1972 ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்குக் களத்தின் கதவுகளைத் திறந்துவிட்டது; அது எவ்வளவு தூரம் பின்பற்றப்படுகிறது என்பதை இவ்வறிக்கைகள் காட்டும். வருவாய்ப் பகிர்வு தொடங்கிய பின்னர் பெரும் பங்கு உதைபந்தாட்டத்துக்கும் ஆண்களின் கூடைப்பந்தாட்டத்துக்குமே செல்கிறது. நீச்சல், டென்னிஸ், மெய்வல்லுநர் போன்ற துறைகளில் அழைப்புப் பெற்றோர், தமது குழு நான்கு ஆண்டுகளின் பின்னும் இருக்குமா என்றும் வினவுதல் தகும்.

3

வெளிநாட்டிலிருந்து செல்வோர் இன்னுமொன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அங்கு மாணவர் விசாவிற் பயில்வோர் ஊதியத்துக்குத் தொழில் புரிவது கடுமையாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே அமெரிக்க வீரர் பெறும் விளம்பர வருவாயை அதே குழுவில் ஆடும் வெளிநாட்டு வீரர் பெற முயல்வது அவரது விசாவையே பாதிக்கக்கூடும். புலமைப்பரிசிலை இழந்தவர் படிப்பைத் தொடரும் வழியை மட்டுமன்றி, அந்நாட்டில் தங்கியிருக்கும் உரிமையையும் இழக்க நேரலாம்.

இவ்விடத்திலே நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களின் நினைவு எழுவது இயல்பே. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவராகிய அவர் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றினார். 1958 இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் முதலிடம் பெற்று, ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப்பதக்கத்தைப் பெற்றுக்கொடுத்தார். லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர் பின்னர் கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டமும் பெற்றார். களம் கல்விக்கு வாயிலாக அமையக்கூடும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. ஆனால் விதிவிலக்கான ஆற்றல் படைத்த ஒருவரின் வெற்றியைக் கொண்டு ஓர் அமைப்பினை அளத்தல் முறையன்று. சாதாரண வீரருக்கு அவ்வமைப்பு என்ன செய்கிறது என்பதே உரைகல். கல்லூரி உதைபந்தாட்ட வீரருள் தொழில்முறைக் குழுக்களிற் சேர்வோர் நூற்றுக்கு இருவரிலும் குறைவு. எஞ்சியோர் நான்காண்டு முடிவில் தம் பட்டத்தையும் உடலையும் கொண்டே வாழ வேண்டியவர்கள்.

இளைஞர் ஒருவர் இவ்வைந்து வினாக்களையும் கேட்பதால் மட்டும் அமைப்பு மாறிவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது. தனியொருவர் பல்கலைக்கழகத்தோடு பேரம் பேசும் ஆற்றல் மிகச் சிறியது. நோர்த்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழக வீரர்கள் 2014 இல் தொழிற்சங்கம் அமைக்க முயன்றமையும், 2015 இல் தொழிலுறவுச் சபை தனது அதிகாரத்தைப் பிரயோகிக்க மறுத்தமையும் இதனை நன்கு உணர்த்தும். 2021 இலும் 2025 இலும் கிடைத்த பேறுகள் வீரர்கள் ஒன்றுபட்டு வழக்காடிப் பெற்றவையே. எவரும் மனமுவந்து வழங்கியவையல்ல. ஆயினும் கூட்டு முயற்சி தனியாள் எழுப்பும் வினாவிலிருந்தே தொடங்குகிறது. பளபளக்கும் அரங்கைச் சுற்றிக் காட்டும் பயிற்றுநரிடம், சென்ற நான்காண்டுகளில் இங்கு சேர்ந்தோர் இப்போது எங்கே என்று ஓர் இளைஞர் அமைதியாகக் கேட்பாராயின், அவர் தம்மை விலைபொருளாக நோக்கும் பார்வையை ஏற்க மறுத்துவிட்டார் என்பதே பொருளாகும்.