ஒருவர் இறந்தால் ஆளுக்கு ஒரு டாலர்

1882-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 11,618 டேனியர் குடியேறினார்கள். எந்த ஆண்டிலும் அந்த எண்ணிக்கை அதைத் தாண்டியதில்லை. அதே ஆண்டில் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் டேனிஷ் சகோதர சங்கம் தொடங்கியது. 1864 போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் சண்டையிட்ட பழைய சிப்பாய்கள் கூடி வைத்திருந்த ஓர் அமைப்பே அதன் வேர். தரங்கம்பாடியை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்ற அதே டென்மார்க்தான், 1864-இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளை இழந்தது. வடக்கு ஷ்லெஸ்விக்கில் டேனிஷ் பேசிய இளைஞர்கள் பிரஷ்யப் படையில் சேரவேண்டியிருந்தது, பலர் கப்பலேறினார்கள். நிலமில்லாமல் கிளம்பியவர்கள் அதைவிட அதிகம். ஊரையும் மொழியையும் நினைத்து ஏங்கியவர்கள் கூடிப் பாட ஓர் இடம் தேடினார்கள், சங்கம் பிறந்தது என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதிக் கதைதான். இந்தச் சங்கத்தின் முதல் வேலை காப்பீடு. பாட்டு, கொடி, சடங்கு எல்லாம் அந்தக் காப்பீட்டு இயந்திரம் ஓடத் தேவைப்பட்ட உறுப்புகள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒமாஹாவில் வந்திறங்கிய டேனியருக்கு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்தது. பிறகு இறைச்சித் தொழிற்சாலைகளிலும் கிடைத்தது. கை நசுங்கினால் இழப்பீடு கிடையாது. உடன் வேலை செய்தவரின் கவனக்குறைவால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்பதே அன்றைய நீதிமன்றங்களின் நிலை. நிலைத்து நின்ற முதல் மாநில இழப்பீட்டுச் சட்டம் விஸ்கான்சினில் வந்ததே 1911-இல்தான். பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் சந்தா கூலிக்காரருக்கு எட்டாது; வாரம் சில காசு வசூலித்தவர்கள் கொடுத்த தொகை சவ அடக்கத்துக்கே சரியாகப் போயிற்று. தர்மம் கேட்கலாமே என்றால், டேனியருக்கு அதில் ஒரு கசப்பு இருந்தது. 1849 அரசியலமைப்பின்படி டென்மார்க்கில் ஏழை நிவாரணம் வாங்கித் திருப்பிக் கட்டாதவருக்கு வாக்குரிமை கிடையாது. கை நீட்டுவது குடியுரிமையையே குறைத்துவிடும் என்ற பாடத்தோடு வந்தவர்கள், தங்கள் பணத்தைத் தாங்களே சேர்த்து வைக்கும் வழியைத் தேடியதில் வியப்பில்லை.

வழி ஏற்கெனவே அங்கே இருந்தது. 1868-இல் பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் தொடங்கிய தொழிலாளர் சகோதர சங்கம், ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட வேண்டும் என்று விதித்தது. பின்னாளில் குடும்பத்துக்கு 2,000 டாலர் வரை போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவெங்கும் பல சகோதர சங்கங்கள் இந்த மாதிரியைப் பின்பற்றின. கணக்கு எளிது. ஆயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள், ஆண்டுக்கு எட்டுப் பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் எட்டு டாலர் கொடுத்தால் எட்டுக் குடும்பங்களுக்கும் தலா ஆயிரம் டாலர் கிடைக்கும். நம் ஊர் மொய்யைப் போல இதுவும் பரஸ்பரம்தான். ஆனால் மொய் நோட்டில் யார் எவ்வளவு என்று எழுதியிருக்கும், அதே வீட்டுக்குத் திரும்பிப் போயாக வேண்டும். இங்கே முகம் தெரியாத அயோவாக்காரரின் விதவைக்கு ஒமாஹாக்காரர் கொடுப்பார். அது ஏன் நடக்க வேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி.

காப்பீட்டுக்கு இரண்டு பழைய நோய்கள் உண்டு. படுக்கையில் விழப்போகிறவர்களே தேடி வந்து சேர்வார்கள். சேர்ந்த பிறகு நலமாக இருப்பவரும் முதுகுவலி என்று படுத்துக்கொள்வார். இன்றைய நிறுவனங்கள் மருத்துவப் பரிசோதனை, ஆவணம், புலனாய்வு என்று பணம் செலவழித்து இவற்றைத் தடுக்கின்றன. சகோதர சங்கங்கள் இதைக் கிட்டத்தட்ட இலவசமாகச் செய்தன. புதியவரை இருக்கும் உறுப்பினர்கள் வாக்களித்துச் சேர்த்தார்கள். அவர் குடிக்கிறாரா, இருமுகிறாரா என்பது ஒரே தெருவில் இருப்பவர்களுக்குத் தெரியும். நோய் என்று உதவிப்பணம் கேட்டால் ஒரு குழு வீட்டுக்குப் போய்ப் பார்க்கும். நலம் விசாரிப்பும் வேவும் ஒரே நடையில் முடிந்துவிடும். டேனிஷ் மொழி இங்கே வேலியாக நின்றது: அதே மொழி, அதே மளிகைக்கடை என்றால் ஏமாற்றுகிறவர் எங்கே போய் ஒளிவார்? கடவுச்சொல்லும் சடங்கும் வெறும் வேடிக்கை என்று சிரிப்பவர்கள் உண்டு. அங்கிகளைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் வேலை தேடி ஊர் ஊராகப் போன தொழிலாளிக்கு, முன்பின் தெரியாத ஊரின் கிளை தன்னை நம்பிச் சேர்த்துக்கொள்ள ஓர் அடையாளம் தேவைப்பட்டது. தொலைபேசி பரவாத காலத்தில் கடவுச்சொல் அந்த வேலையைச் செய்தது.

சங்கம் வெறும் கலாசார மன்றமாக இருந்திருந்தால் பாதிரிமார்கள் அதை எதிர்த்திருக்க மாட்டார்கள் என்பது என் அடுத்த சான்று. அவர்கள் எதிர்த்தார்கள். பெரும் கவிஞரும் சீர்திருத்தவாதியுமான என்.எஃப்.எஸ். குருண்ட்விக்கின் மகன் எஃப்.எல். குருண்ட்விக், அயோவாவில் பாதிரியாக இருந்து ரகசியச் சங்கங்களைக் கடுமையாகத் தாக்கினார். 1887-இல் டேனிஷ் மொழியையும் பண்பாட்டையும் காக்கத் தனியாக ஒரு மக்கள் சங்கத்தையே தொடங்கினார். இதையே எனக்கு எதிராகவும் திருப்பலாம்: அப்படியானால் பண்பாட்டுக்கும் காசுக்கும் வேறு வேறு சங்கம் இருந்ததே, சகோதர சங்கத்தில் டேனிஷ் என்பது வெறும் பெயர்ப்பலகைதானே? அல்ல என்பேன். அமெரிக்காவின் டேனிஷ் திருச்சபையே குருண்ட்விக் வழியினர், கண்டிப்பான பக்தி இயக்கமான உள்மிஷன் வழியினர் என்று 1894-இல் இரண்டாகப் பிளந்தது. எந்தப் பக்கத்து டேனியரும், கோயில் பக்கமே போகாதவரும் ஒரே நிதியில் பணம் போட, மதம் கேட்காத ஒரு டேனிஷ்தன்மை வேண்டியிருந்தது. நிதி பெரிதாக இருந்தால்தான் சாவின் ஏற்ற இறக்கம் சமனாகும். பெண்களும் 1883-இல் மிச்சிகனின் நெகானியில் தங்களுக்கென ஒரு சகோதரிகள் சங்கத்தைத் தொடங்கிக்கொண்டார்கள்.

இந்த இயந்திரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆளுக்குச் சமமாக வசூலிக்கும்வரை, சங்கம் இளமையாக இருக்கும் காலத்தில் எல்லாம் மலிவு. உறுப்பினர்கள் நரைத்து, எட்டுச் சாவு பதினாறானால் வசூல் இரட்டிக்கும். இருபத்தைந்து வயதுக்காரர் ஏன் அதைக் கட்ட வேண்டும்? அவர் விலகுவார், மிச்சமுள்ளவர்களின் சுமை இன்னும் ஏறும். பல அமெரிக்கச் சகோதர சங்கங்கள் இப்படித்தான் கவிழ்ந்தன. நம்பிக்கை ஏமாற்றைத் தடுக்கும், மூப்பைத் தடுக்காது. அதற்கு மரண அட்டவணையும் சேமநிதியும் வேண்டும். 1886-இல் உருவான தேசியச் சகோதர சங்கப் பேரவை அப்படி ஓர் அட்டவணையைத் தயாரித்தது. 1910-களில் மாநிலங்கள் வயதுக்கேற்ற சந்தாவைச் சட்டமாக்கத் தொடங்கின. அந்தக் கணக்கு வந்த பிறகு சங்கம் மெல்ல மெல்ல ஒரு சாதாரண காப்பீட்டு நிறுவனத்தின் சாயலுக்கு நகர்ந்தது, பாட்டும் சடங்கும் அந்த அளவுக்கு வேலையிழந்தன.

மீதியை வெளியுலகம் செய்தது. 1918-இல் அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் பொது இடங்களிலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று அறிவித்தார். ஜெர்மானியரைக் குறிவைத்த உத்தரவு, எதிரி நாட்டவரல்லாத டேனியர் மேலும் விழுந்தது. 1924 குடியேற்றச் சட்டம் டென்மார்க்குக்கு ஆண்டுக்கு 2,789 பேர் என்று வரம்பு போட்டது. 1929-இல் அது 1,181 ஆயிற்று. புதிய இளைஞர்கள் வந்துகொண்டே இருந்தால்தான் மூப்பைச் சமாளிக்க முடியும் என்றிருந்த அமைப்புக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை. 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசு புகுந்ததால்தான் இந்தச் சங்கங்கள் அழிந்தன என்று வாதிடுபவர்கள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: 1935-க்கு முன்பே ஆள்வரத்தும் மொழியும் வற்றத் தொடங்கிவிட்டன. ஆலைகள் தந்த குழுக் காப்பீட்டுக்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

1995-இல் டேனிஷ் சகோதர சங்கத்தின் காப்பீட்டுப் பிரிவு, அதே ஒமாஹாவில் 1890-இல் தொடங்கிய இன்னொரு சகோதரக் காப்பீட்டு அமைப்பான உட்மென் ஆஃப் தி வேர்ல்டுடன் இணைந்தது. கிளைகள் பண்பாட்டு மன்றங்களாகத் தொடர்ந்தன. இது என் வாதத்தைக் கவிழ்க்கிறது, காசு போனபின்னும் பாசம் நின்றதே என்று கேட்கலாம். நின்றதுதான். ஆனால் நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதைத் தாங்கியவர்கள் டென்மார்க்கில் பிறந்தவர்களின் பேரன் பேத்திகள், கொள்ளுப்பேரர்கள். அவர்களுக்கு ஆங்கிலமே தாய்மொழி; நோயுதவியும் ஓய்வூதியமும் வேறிடத்திலிருந்து வந்தன. 1882-இல் ரயில்வே பட்டறைக்குப் போனவரின் சம்பளத்திலிருந்து தவணை தவறாமல் காசு வாங்க, அந்தப் பாசம் மட்டும் போதுமானதாக இருந்திருக்காது.