இலாசர்: 'கடவுள் உதவினார்' என்றொரு பெயர்



கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல்காட்டுக் கிராமம் ஒன்று. ஒரு வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான். வருகிற ஞாயிற்றுக்கிழமை திருமுழுக்கு. என்ன பெயர் வைப்பது என்று பேச்சு நடக்கிறது. மருமகள் கைப்பேசியில் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திண்ணையில் இருந்த தாத்தா, "எங்க அப்பா பேரு லாசரு. இந்தப் பயலுக்கும் அதையே வச்சிருவோம்" என்கிறார். மருமகள் தயங்குகிறார். "மாமா, அது பணக்காரர் வீட்டு வாசல்ல கிடந்த பிச்சைக்காரர் பேருல்லா? பிள்ளைக்குப் போய் அந்தப் பேரையா வைக்கது?"

தாத்தாவிடம் பதில் இல்லை. அப்பாவின் பெயர் என்ற பாசம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இப்படிப்பட்ட பேச்சு நம் குடும்பங்களில் நடப்பதுதான். சூசை, சந்தியாகு, மிக்கேல், அருளப்பன், சின்னப்பன் என்று நம் பாட்டன்மார் சுமந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. அவற்றுள்ளும் இலாசர் என்பது மிக அரிதாகிவிட்டது. அந்த மருமகளின் கேள்விக்குப் பதில் தேடுவோமா?

பெயரின் பொருள்

இலாசர் என்பது எபிரேயப் பெயர். அதன் முழு வடிவம் எலயாசர். 'எல்' என்றால் கடவுள். 'ஆசர்' என்றால் உதவினார். 'கடவுள் உதவினார்' என்பதே இப்பெயரின் பொருள். பேச்சு வழக்கில் எலயாசர் என்பது லாசர் என்று சுருங்கியது. கிரேக்கர் அதை 'லாசரோஸ்' என்றும், உரோமையர் 'லாசருஸ்' என்றும் எழுதினர். போர்த்துக்கீசியர் வழியாகவும் மறைப்பணியாளர் வழியாகவும் நம் ஊருக்கு வந்தபோது அது லாசர், லாசரு என்றானது. நம் திருவிவிலிய மொழிபெயர்ப்பில் இலாசர் என்று வாசிக்கிறோம்.

இந்தப் பெயருக்கு விவிலியத்தில் நெருங்கிய உறவினர் பலர் உண்டு. 'என் கடவுளே உதவி' என்று பொருள்படும் எலியேசர் என்ற பெயரை மோசே தம் இரண்டாம் மகனுக்கு இட்டார். பார்வோனின் வாளிலிருந்து கடவுள் தம்மைக் காத்ததன் நினைவாக அப்படிப் பெயரிட்டதாக விடுதலைப் பயண நூல் சொல்கிறது (விப 18:4). எபனேசர் என்றால் 'உதவியின் கல்'. நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்த சபைச் சகோதரர்களிடையே இன்றும் கேட்கிற பெயர் அது. அசரியா என்றாலும் 'ஆண்டவர் உதவினார்' என்பதே பொருள். 1874-ஆம் ஆண்டு இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் இந்தியாவின் முதல் ஆங்கிலிக்கன் இந்திய ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பெயர் இதுதான். தோபித்து நூலில் வானதூதர் இரபேல், தோபியாவுக்கு வழித்துணையாக வரும்போது தமக்குச் சொல்லிக்கொள்ளும் பெயரும் அசரியாவே (தோபி 5:13). வழித்துணைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன இருக்க முடியும்!

ஒரு காலத்தில் ஊரெங்கும் ஒலித்த பெயர்

இன்று அரிதான இந்தப் பெயர் இயேசுவின் காலத்தில் அப்படி இருக்கவில்லை. கல்லறை எழுத்துகள், ஆவணங்கள், பழைய நூல்கள் ஆகியவற்றில் கிடைத்த அக்காலப் பாலஸ்தீன யூதர்களின் பெயர்களை அறிஞர்கள் தொகுத்திருக்கிறார்கள். ஆண்கள் பெயர்களில் சீமோனுக்கும் யோசேப்புக்கும் அடுத்த மூன்றாவது இடத்தில் எலயாசர் நிற்கிறது.

காரணம் என்ன? கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் அந்நிய அரசை எதிர்த்து எழுந்தவர் மத்தத்தியா. அவருடைய ஐந்து மகன்களில் ஒருவர் எலயாசர் (1 மக் 2:2-5). போர்க்களத்தில் யானையின் அடியில் புகுந்து அதைக் குத்திக் கொன்று, அது மேலே விழுந்து உயிர்விட்டவர் அவர் (1 மக் 6:43-46). விடுதலைக்காகப் போராடியவர்களின் பெயர்களை மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்ந்தனர். நம் எட்டயபுரத்துப் பாரதியின் பெயரைத் தமிழ்நாடெங்கும் பிள்ளைகளுக்கு வைக்கவில்லையா? அதைப் போலத்தான்.

அதற்கும் முன்பே ஆரோனின் மகன் எலயாசர் இருந்தார். ஓர் என்ற மலையின்மேல் தந்தையின் குருத்துவ உடைகளை அணிந்து அவருக்குப்பின் தலைமைக் குருவானவர் (எண் 20:22-29). மத்தேயு நற்செய்தியின் தலைமுறை அட்டவணையில், யோசேப்பின் முன்னோர்களிலும் ஓர் எலயாசர் இருக்கிறார் (மத் 1:15).

கரிசல் மண்ணில் பெயர்களுக்குத் தமிழ் உயிர்

எபிரேயப் பெயர் தமிழ்ப் பெயரானது எப்படி? அதற்கு விடை தேட நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டிக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டு 15-இல் பரலோக மாதாவின் திருவிழாவுக்குப் போகிறவர்கள் நம்மில் பலர். அந்தப் பங்கில்தான் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு கான்ஸ்தன்சோ பெஸ்கி, தம் தொடக்க காலத்தில் பணியாற்றினார். அவரே நம் வீரமாமுனிவர்.

அவர் தம் தேம்பாவணிக் காப்பியத்தில் புனித யோசேப்புக்கு 'வளன்' என்று பெயரிட்டார். யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு 'கடவுள் பெருகச் செய்வாராக' என்பது பொருள். பெருக்கமே வளம். திருமுழுக்கு யோவானுக்குக் 'கருணையன்' என்று பெயரிட்டார். யோவான் என்றால் 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்று பொருள். யோவானை அருளப்பர் என்று நம் முன்னோர் அழைத்ததும், ஜான் தெ பிரித்தோ அருளானந்தர் ஆனதும் இதே காரணத்தால்தான். ஒலியை மட்டும் கொண்டுவராமல் பொருளையும் கொண்டுவந்தார்கள். பெயரைச் சொல்லும்போதே விசுவாசம் புரியவேண்டும் என்று விரும்பினார்கள்.

அந்த வழியில் பிறந்ததுதான் இலாசரின் தமிழ்ப் பெயரும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்தார். குளச்சல் போருக்குப்பின் அங்கே படைப்பணியில் சேர்ந்த டிலனாய் என்பவர், துன்பத்தில் இருந்த அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் புத்தாரி அடிகளார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். அப்போது அவர் பெற்ற பெயர் இலாசர். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள். தேவன் செய்த சகாயம், கடவுளின் உதவி. எலயாசர் என்ற பழைய பெயரின் நேர்ப்பொருள் அது.

2022-ஆம் ஆண்டு மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். சாதிப் பட்டம் எதுவும் இல்லாமல், தேவசகாயம் என்று அழைக்கப்படும் இலாசர் என்றே அன்று அவர் பெயர் வாசிக்கப்பட்டது. பிறப்பால் ஒட்டிய பட்டம் நீங்கியது. திருமுழுக்கில் பெற்ற பெயர் நிலைத்தது.

உதவி எங்கே?

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எழவும் வேண்டும். 'கடவுள் உதவினார்' என்ற பெயரைச் சுமந்தவர்களுக்கு என்ன நடந்தது?

தொண்ணூறு வயது முதியவரான மறைநூல் அறிஞர் எலயாசர், திருச்சட்டத்தை மீறிப் பன்றி இறைச்சி உண்ண மறுத்தார். உண்பதுபோல் நடித்தாலே போதும் என்று நண்பர்கள் கெஞ்சினார்கள். இளைஞர்கள் தம்மைப் பார்த்து வழிதவறிவிடுவார்கள் என்று அதற்கும் மறுத்து, அடிபட்டு இறந்தார் (2 மக் 6:18-31). உவமையில் வரும் இலாசர், உடலெல்லாம் புண்ணோடு செல்வரின் வாசலில் பசித்துக் கிடந்து இறந்தார் (லூக் 16:19-31). தேவசகாயம் 1749-இல் கைதாகி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெத்தானியா ஊர் இலாசரைக்கூட இயேசு உயிர்ப்பித்தது நான்கு நாள் கல்லறையில் கிடந்த பிறகுதான் (யோவா 11).

அப்படியானால் இந்தப் பெயர் பொய்யா?

கரிசல்காட்டு விவசாயிக்கு இதன் விடை தெரியும். நம் மானாவாரி நிலத்தில் ஆற்றுப் பாசனம் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும். மழை விழுவதற்கு முன்பே காய்ந்த புழுதியில் விதையைப் போடுகிறார்கள். அந்த நேரத்தில் வானத்தில் மேகம்கூட இருக்காது. ஆனாலும் கை விதைக்கிறது. எல்லா ஆண்டும் மழை சொன்னபடி வருவதில்லை என்பதும் அந்தக் கைக்குத் தெரியும். இலாசர் என்ற பெயரும் அப்படிப் புழுதியில் விதைத்த விதைதான். இனி ஒரு துன்பமும் வராது என்ற உத்தரவாதம் அதில் இல்லை. துன்பத்தின் நடுவிலும் கடவுள் என்னைக் கைவிடவில்லை என்ற சாட்சி அதில் இருக்கிறது. காற்றாடி மலையில் நின்றவர் அந்தச் சாட்சியைத்தான் சொன்னார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இயேசு எத்தனையோ உவமைகள் சொன்னார். ஊதாரி மகனுக்குப் பெயர் இல்லை. நல்ல சமாரியருக்குப் பெயர் இல்லை. பட்டாடை உடுத்திய அந்தச் செல்வருக்கும் பெயர் இல்லை. உவமைகளிலேயே பெயர் பெற்ற ஏழை இலாசர் ஒருவர்தான். ஊரார் பெயர் கேட்காமல் தாண்டிப்போன மனிதரை இயேசு பெயர் சொல்லி அழைக்கிறார். அதுவும் 'கடவுள் உதவினார்' என்று! கடவுள் அவருக்கு உதவ நினைத்த கை எது? வாசலுக்கு உள்ளே விருந்துண்டவரின் கைதான். அந்தக் கை நீளவில்லை. ஆகவே இலாசர் என்ற பெயர் ஏழையை இழிவுபடுத்தும் பெயரல்ல. வாசலுக்கு உள்ளே இருப்பவரைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அது.

2021-ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், அதுவரை மார்த்தாவுக்கு மட்டும் உரியதாக இருந்த ஜூலை 29-ஆம் நாளை மார்த்தா, மரியா, இலாசர் மூவரின் நினைவுநாளாக ஆக்கினார். எனவே இப்பெயர் கொண்டவர்களுக்கு நம் திருவழிபாட்டு நாள்காட்டியில் இப்போது ஒரு நாமவிழா நாளும் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயரைப் பிள்ளைகளுக்கு இடாதபடி பெற்றோரும் ஞானப்பெற்றோரும் பங்குத்தந்தையும் கவனிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது (எண் 855). அதற்காக எல்லாரும் பழைய பெயரையே வைக்க வேண்டும் என்பதில்லை. வைக்கும் பெயரின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க நம்மால் முடிய வேண்டும். அதுவே முக்கியம். இன்று மாலை செபம் முடிந்ததும் வீட்டில் உள்ளவர்களின் பெயர்களுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் பெரியவர்களிடமும் பங்குத்தந்தையிடமும் கேளுங்கள்.

அந்தத் திண்ணைத் தாத்தா மருமகளிடம் இப்போது சொல்லலாம்: "ஆமாம்மா, வாசல்ல கிடந்தவர் பேருதான். இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்ட ஏழை அவர் ஒருத்தர்தான். நம்ம தேவசகாயம் பேரும் அதேதான்."

அந்தப் பிள்ளைக்கு எந்தப் பெயர் இட்டாலும் சரி, அவன் வளர்ந்து யாரோ ஒருவருடைய வாசலில் நிற்கும்போது, 'கடவுள் உதவினார்' என்று அந்த வீட்டார் சொல்லும்படி வாழட்டும். நம் வாசலில் நிற்பவர்களும் நம்மைப் பார்த்து அப்படிச் சொல்ல இறைவன் நமக்கு அருள்வாராக.