பிடித்து விடும் மீனும் எங்கள் கரையும்

மீன் பிடிப்பதற்காகவே விமானம் ஏறி ஒரு தீவுக்கு வந்து, ஒரு கிழமை முழுக்க முழங்காலளவு தண்ணீரில் நின்று, பிடித்த மீனையெல்லாம் திரும்பவும் கடலிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். சீஷெல்ஸ் நாட்டின் வெளித்தீவுகளில் இப்படி ஒரு கிழமை தங்குவதற்கு ஒருவர் கட்டும் பணம் 10,000 டொலரைத் தாண்டும். குருக்கள்மடத்தில் இதைச் சொன்னால், "ஏன் புள்ள, அவங்களுக்குக் கறிக்கு மீன் வேணாமா?" என்றுதான் எங்கள் பெரியம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எமது பெண்கள் கொஞ்சம் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். யுத்தம் முடிந்த பின் கிழக்கின் கரையோரத்தை நோக்கி உல்லாசப் பயணத்துறை வந்துகொண்டேயிருக்கிறது. என்ன வருகிறது என்று தெரியாமல் இருந்தால், வந்த பிறகு கிடைப்பதை வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்காது.

முதலில் அது என்ன மீன்பிடி என்று பார்ப்போம். எமது தூண்டிலில் தங்கூசியின் நுனியில் ஈயக்கட்டி கட்டுகிறோம். எறியும்போது ஈயத்தின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகிறது. ஈத்தூண்டிலில் ஈயம் இல்லை. நூலே தடிப்பாகவும் பாரமாகவும் செய்யப்பட்டிருக்கும். ஒன்பது அடி நீளமான, நன்றாக வளையும் தடியால் அந்த நூலை முன்னும் பின்னும் வீசி வீசி, கடைசியில் நீட்டிப் போடுகிறார்கள். நுனியில் இருப்பது இரை அல்ல. தூண்டில் முள்ளின் மேல் இறகு, மயிர், மினுங்கும் இழை ஆகியவற்றை வைத்து நூலால் சுற்றிக் கட்டிய ஒரு பொய்யுரு. குளிர் நாடுகளின் ஆறுகளில் ஈக்களைப் போலக் கட்டியதால் 'ஈ' என்ற பெயர் வந்தது. கடலில் அது பெரும்பாலும் இறாலாகவும் நண்டாகவும் சின்ன மீனாகவும் இருக்கும். வீச்சுவலை எறியப் பழகியவர்களுக்கு இந்த வீச்சின் அருமை விளங்கும். பலத்தைவிடக் கைப்பக்குவமே அதில் முக்கியம்.

தெளிந்த, ஆழமில்லாத மணற்பரப்பில் மீனைக் கண்ணால் கண்டு, அதன் மூக்குக்கு முன்னால் அந்தப் பொய் இறாலைப் போடுவதுதான் அவர்களுக்கு இன்பம். அகப்பட்டால் ஈரக் கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, மீன் தெம்பாகும் வரை தண்ணீருக்குள்ளேயே தாங்கி நின்று விட்டுவிடுவார்கள். முள்ளின் கொளுவியை முன்கூட்டியே நசுக்கி வைத்திருப்பார்கள். காற்றில் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் மீன் களைத்துவிடும். களைத்த மீனைச் சுறா விடாது.

இந்த மீன்பிடி சில இடங்களில் கடற்கரை விடுமுறையோடு சேர்த்தும் விற்கப்படுகிறது. கணவருக்குத் தூண்டில், மனைவி பிள்ளைகளுக்குக் கடற்கரை. பெண்களும் இப்போது நிறையப் பேர் இந்தத் தூண்டில் போடுகிறார்கள் என்றாலும் ஒருவர் மீனோடும் மற்றவர் நிழலோடும் இருப்பதுதான் இன்னும் வழக்கம். எப்போது தூண்டில், எப்போது குளிப்பு என்பதை வற்றுப்பெருக்கு முடிவு செய்கிறது. எங்களைப் போன்ற ஊர்ப் பெண்களுக்கு இதில் ஏதாவது வேலை இருக்குமானால், அந்த நிழலில் இருப்பவர் நாள் முழுக்க என்ன செய்வார் என்ற இடத்தில்தான் அது தொடங்கும்.

குண்டு வெடித்த தீவு

பசிபிக் சமுத்திரத்தில் கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த கிறிஸ்மஸ் தீவு என்று ஓர் இடம் இருக்கிறது. 1957, 1958ஆம் ஆண்டுகளில் பிரித்தானியாவும், 1962இல் அமெரிக்காவும் அங்கே அணுகுண்டுகளைப் பரிசோதித்தன. அதே தீவுக்கு 1980களிலிருந்து ஈத்தூண்டில்காரர்கள் வருகிறார்கள். போன்பிஷ் என்னும் வெள்ளி நிற மீனைத் தேடித்தான் வருகிறார்கள். மீன் எந்த மேட்டில் எந்த நேரம் வரும் என்று காட்டுகிறவர்கள் அந்தத் தீவு மக்கள். அவர்களின் கண்தான் அங்கே மூலதனம். பிரச்சினை இல்லாமலும் இல்லை. வெளியாருக்கு விளையாட்டாக இருக்கும் அந்த மீன் தீவு மக்களுக்குச் சாப்பாடு. வலை போடுவதா, விடுவதா என்ற இழுபறி அங்கே நீண்ட காலமாக இருக்கிறது. மத்திய அமெரிக்காவிலுள்ள பெலீஸ் நாடு 2009இல் ஒரு சட்டமே கொண்டுவந்தது. போன்பிஷ், டார்பன், பெர்மிட் என்ற மூன்று வகை மீன்களையும் பிடித்தால் விட்டுவிட வேண்டும். செத்த மீன் ஒருமுறைதான் விலைபோகும், உயிர் மீன் பலமுறை ஆளைக் கூட்டிவரும் என்ற கணக்கு அது.

குருக்கள்மடத்தில் இது சரிவருமா? உள்ளதைச் சொன்னால், சீஷெல்ஸ் போல ஒருநாளும் வராது. அல்டாப்ரா பக்கத்துத் தீவுகளில் கடல் மூன்று மீற்றர் அளவுக்கு ஏறி இறங்குவதால் பெரிய பெரிய மணற்திட்டுகள் வெளித்தெரிந்து மறைகின்றன. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. எழுவான்கரைக் கடலோ நேரே திறந்த கடல். கரையிலேயே ஆழம் தொடங்கி அலை மடங்கி அடிக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை ஓரளவு அமைதி. வாடைக் காற்று வந்தால் தோணிகளே மேட்டில் ஏறிவிடும்.

எங்களுக்குப் பின்பக்கம் வாவி இருக்கிறதே, அதுதான் வேறு கதை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவியில் கொடுவா இருக்கிறது, பாரை இருக்கிறது. இதே கொடுவாவை ஈத்தூண்டிலில் பிடிப்பதற்காக வட அவுஸ்திரேலியாவுக்கு ஆட்கள் போகிறார்கள். இன்னொரு புதினமும் உண்டு. சீஷெல்ஸின் அல்போன்ஸ் தீவில் ஈத்தூண்டில்காரர்கள் பெருமையாகத் தேடும் மீன்களில் ஒன்று எங்கள் பாலமீன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர் அந்த மீனின் பெயரையே பாலமீன்மடு என்று தாங்கி நிற்கிறதே, அதே மீன்தான். அது பாசி தின்னும் மீன் என்பதால் அதற்குக் கட்டும் 'ஈ' பச்சை நிறப் பாசித் துண்டு போலவே இருக்குமாம். பாடும் மீனைக் கேட்கத்தான் இதுவரை ஆட்களைக் கூப்பிட்டோம்!

1990க்குப் பிறகு எங்கள் வீட்டில் தோணி தள்ள ஆண்பிள்ளை இல்லை. அம்மாவும் நானும் வாவிக் கரையில் அத்தாங்கோடு இறங்கி இறால் கோலித்தான் அடுப்பு எரிந்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அம்பிளாந்துறைக்குப் பாதை ஏறிப்போய் நெல்லுக்கு மீன் மாற்றி வந்த பெண்களும் எங்களோடு இருந்தார்கள். ஆகவே மீனை விடு என்று எவராவது வந்து சொன்னால் முதலில் எனக்கு வருவது கோபம்தான். ஆனால் கொடுவாவைப் பற்றி ஒரு விடயம் அறிந்த பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் தணிந்தது. கொடுவா பெரும்பாலும் ஆணாகவே பிறக்கிறது. சில வருடங்கள் வளர்ந்து பெருத்த பிறகே பெண்ணாக மாறுகிறது. அப்படியானால் வாவியில் அகப்படும் ஆகப் பெரிய கொடுவா அநேகமாகத் தாய்மீன்தான். மாரியில் முகத்துவாரம் திறந்ததும் உப்புத் தண்ணீரைத் தேடிப் போய் முட்டையிட்டு, குஞ்சுகளை வாவிக்குள் அனுப்புகிற மீன் அது. சந்தையில் ஆகக் கூடிய விலைக்குப் போவதும் அதுதான்! ஒரு வெளிநாட்டவர் அந்தத் தாய்மீனைப் பிடித்து, படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிட்டு, அதற்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போவாரானால் நட்டம் யாருக்கு? ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும். விடும் விதி விருந்தாளிக்கே உரியதாக இருக்க வேண்டும். அத்தாங்கோடு நிற்கிற பெண்ணை 'விளையாட்டு வலயம்' என்று சொல்லிக் கரையிலிருந்து எழுப்பக்கூடாது.

யாருடைய கடற்கரை?

எழுப்புவார்கள் என்று நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2009க்குப் பின் பாசிக்குடா உல்லாசப் பயண வலயமானது. பெரிய ஹோட்டல்கள் 2011 முதல் வரிசையாகத் திறக்கப்பட்டன. பரம்பரையாகத் தோணி இழுத்த மீனவர்களின் இடம் ஒரு மூலைக்குச் சுருங்கியது. கரைவலை காய்ந்த இடத்தில் இப்போது சாய்கதிரைகள். பெண்களுக்குக் கிடைத்த வேலையும் பெரும்பாலும் கூட்டுவது, கழுவுவது, துணி தோய்ப்பது போன்றவைதான். அதிலும் விடுதி வேலைக்குப் போகிற பெண்ணை ஊர் எப்படிப் பேசுகிறது என்பது வாசகிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடலின் உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றருக்குள் கட்டடம் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் தேவை. அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. மாதர் சங்கத்தின் பெயரில் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டது வாயோடு போய்விடும்.

எங்கள் மணலைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. 1990 ஜூலையில் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்த முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் கடமை முடித்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்துத் தரும்படி உறவினர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளைத் தேடி நாங்கள் படம் ஏந்தி நின்றது போலத்தான் அவர்களும் நிற்கிறார்கள். அந்தப் பெண்களின் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்னர் இந்தக் கரையில் நீச்சல் குளத்துக்காக ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது என்பது என் நிலைப்பாடு. எங்களூரில் எல்லோருக்கும் இது பிடிக்காது என்பதும் தெரியும்.

பெரிய விடுதி இல்லாமல் விருந்தாளி வரமுடியாதா? வரமுடியும். அறுகம்குடாவில் அலைச்சறுக்கு விளையாட்டுக்கு வருகிறவர்கள் பலர் ஊர் மக்களின் சிறிய அறைகளில்தான் தங்குகிறார்கள். அங்கே 2018இல் பெண்களே சேர்ந்து நாட்டின் முதலாவது பெண்கள் அலைச்சறுக்குக் கழகத்தையும் தொடங்கினார்கள். வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்குக் கொடுக்கும் ஹோம்ஸ்டே முறையை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை பதிவு செய்கிறது. சுத்தமான அறை, பூட்டக்கூடிய கதவு, நல்ல கழிவறை, தண்ணீர் ஆகியவை முக்கியம். தனியாக வாழும் பெண்ணுக்கு அந்நிய ஆணை வீட்டில் வைப்பது சங்கடம்தான். நான்கைந்து பெண்கள் சேர்ந்து ஒரு வளவில் அறைகளை நடத்தி, இரவில் இருவர் துணையிருப்பது என்று செய்தால் ஊர்வாயும் அடங்கும், பயமும் குறையும். ஆனால் அறை கட்டுவதற்கென்று நுண்கடன் எடுக்கவேண்டாம், தங்கச்சிமாரே. விருந்தாளி வருடத்தில் ஆறு மாதம்தான் வருவார், தவணைக்காரர் கிழமைக்குக் கிழமை வருவார். 2018இல் வரட்சி மாவட்டங்களிலுள்ள பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்குமளவுக்கு அந்தச் சுமை இருந்ததை மறக்கமுடியாது.

மீனுக்குக் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்க இடம் கண்டல்தான். 2015இல் 'சுதீச' என்ற இலங்கை அமைப்பும் 'சீகொலஜி' என்ற அமெரிக்க அமைப்பும் சேர்ந்து கண்டலைக் காக்கும் கரையோரப் பெண்களுக்குப் பயிற்சியும் சிறுகடனும் கொடுக்கும் திட்டமொன்றைத் தொடங்கின. விறகுக்கு வெட்டுகிறவளும் காக்கிறவளும் ஒரே பெண்தான் என்று கண்டுகொண்ட திட்டம் அது. அந்த அளவில் எனக்கு அது பிடிக்கும்.

கடைசியாக, தூண்டில் நுனியில் இருக்கும் அந்த 'ஈ'. உலகச் சந்தையில் விற்கும் ஈக்களில் பெரும்பகுதி அதைப் போட்டு மீன் பிடிப்பவர்களின் நாடுகளில் கட்டப்படுவதில்லை. கென்யாவிலும் தாய்லாந்திலும் கட்டுகிறார்கள். எமது இலங்கையிலும் ஏற்றுமதிக்காக ஈ கட்டும் தொழிற்சாலைகள் பல வருடங்களாக இருக்கின்றன. மேசையில் ஒரு சிறு கிடுக்கியில் முள்ளை இறுக்கி வைத்து, இறகைத் தெரிந்து, நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கட்டும் வேலை அது. செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கடல் ஈ ஒன்று அங்கே கடையில் ஐந்து டொலருக்குக் குறையாமல் போகிறது. கட்டியவளுக்கு டசின் கணக்கில் கூலி.

வலை பொத்தவும் பன்பாய் இழைக்கவும் பழகிய விரல்களுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. வீட்டிலிருந்து செய்யலாம், சின்னப் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் சேவல் இறகு எல்லா வகைக்கும் உதவாது, அதற்கென்றே வளர்த்த சேவல்களின் இறகைத்தான் பல ஈக்களுக்குக் கேட்பார்கள். இப்படி ஒரு வேலையோடு எவராவது ஊருக்கு வந்தால், பயிற்சி நாளிலேயே சில கேள்விகளைக் கேளுங்கள். ஒரு டசினுக்கு எவ்வளவு? முள்ளும் நூலும் இறகும் யாருடைய செலவு? சரியில்லை என்று கழிக்கும் ஈக்களுக்குக் கூலி உண்டா? அவற்றைத் திருப்பித் தருவார்களா, இல்லை எடுத்துக்கொண்டுபோய் விற்பார்களா? பயிற்சிக் காலத்துக்கு என்ன கொடுப்பனவு? பதிலை எழுத்தில் வாங்கி, சங்கத்தின் கோவையில் ஒரு பிரதி வையுங்கள்.