கண்ணில் இறங்கிய நீர்

செக்காலையில் நமது தெருவில் வாழும் முதியவர் ஒருவர், சில மாதங்களாக சுப்ஹுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் வருவதை நிறுத்தியிருந்தார். காரணம் வினவினோம். "படி தெரியலே ஹஜ்ரத். புரைங்குறாங்க. ஆபரேஷன் பண்ணினா ஸஜ்தா செய்யக் கூடாதாமே? சரி, முத்தட்டும்னு இருக்கேன்" என்றார். இவ்விடையில் அச்சம் ஒன்றும் பிழையான எண்ணம் ஒன்றும் அடங்கியுள்ளன. இரண்டுமே பழமையானவை.

கண்மணிக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்று உண்டு. ஒளியை விழித்திரையில் குவிப்பது அதன் பணி. வயது ஏற ஏற அதிலுள்ள புரதங்கள் திரண்டு வில்லை மங்குகிறது. இதுவே கண்புரை. நீரிழிவு, புகைபிடித்தல், கண்ணில் பட்ட அடி, ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல் ஆகியன இதனை விரைவுபடுத்தும். சொட்டு மருந்துகளால் புரை கரைவதில்லை.

அரபு மருத்துவர்கள் இந்நோயை 'நுஸூலுல் மாஃ', அதாவது நீர் இறங்குதல் என்றனர். தலையிலிருந்து ஒரு நீர் இறங்கிக் கண்ணில் உறைகிறது என்பது அக்காலக் கருத்து. ஊசியால் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது வழக்கமான சிகிச்சை. மூஸிலில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் செய்த அம்மார் இப்னு அலீ, ஏறத்தாழ கி.பி. 1000இல், துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை எழுதி வைத்தார். தள்ளப்பட்ட புரை மீண்டும் மேலெழாதிருக்க நோயாளி பல நாள் அசையாது மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது.

முதியவரின் அச்சத்துக்கு வேர் இங்கேதான் உள்ளது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்களில் நீர் இறங்கியபோது, சில நாள் படுத்தவாறே தொழுதால் சிகிச்சை செய்யலாம் என்று கூறப்பட்டதாகவும், மூத்த ஸஹாபாக்களிடம் கருத்துக் கேட்டபின் அதனை அவர்கள் கைவிட்டதாகவும் ஃபிக்ஹு நூல்கள் அறிவிக்கின்றன. ஆயினும் நம்பகமான மருத்துவர் கூறினால் படுத்துத் தொழுது சிகிச்சை பெறலாம் என்பதே ஷாஃபிஈ மத்ஹபில் ஏற்றமான கருத்து என இமாம் நவவி (ரஹ்) தீர்மானித்துள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபும் இதனை அனுமதிக்கிறது.

இன்றோ அத்தகைய நெடிய படுக்கையே தேவையில்லை. 1747இல் பிரெஞ்சு மருத்துவர் டேவியல் புரையை வெளியே எடுத்துக் காட்டினார். 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி செயற்கை வில்லையைப் பொருத்தினார். இப்போது சிறு துளையிட்டு, நுண்ணொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி, வில்லையின் உறைக்குள்ளேயே புதிய வில்லையை வைக்கின்றனர். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புவர். குனிதல், பளு தூக்குதல், கண்ணில் நீர் படுதல் ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்வது சில நாட்களுக்கே. அந்நாட்களில் அமர்ந்து, சைகையால் ருகூஉவும் ஸஜ்தாவும் செய்ய மார்க்கம் இடமளிக்கிறது. உளூவுக்கும் சலுகை உண்டு.

'முற்றட்டும்' என்பது பழைய அறுவை முறையோடு போன அறிவுரை. மிக முற்றிய புரை கெட்டிப்பட்டு அறுவையைக் கடினமாக்கும். சிலருக்கு அது வீங்கிக் கண்ணழுத்தத்தை உயர்த்தி நரம்பையே அழித்துவிடும். அவ்வாறு இழந்த பார்வை மீளாது.

வறுமையும் தடையன்று. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவை செய்த டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வுபெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளோர் தரும் கட்டணத்தால் வசதியற்றோர்க்கு இலவசச் சிகிச்சை அளிப்பது அதன் வழி. 1992இல் தோன்றிய அதன் ஆரோலேப், இறக்குமதியாகி வந்த வில்லையை எளியோர்க்கும் எட்டும் விலையில் செய்து தந்தது. அரசு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை இலவசமே.

இவற்றை எடுத்துரைத்தபின் முதியவர் மகனுடன் மதுரை சென்று வந்தார். இரண்டு வாரம் வீட்டில் நாற்காலியில் அமர்ந்து தொழுதார். பின்னொரு நாள் சுப்ஹில் முதல் ஸஃப்பில் அவரைக் கண்டோம். படியைத் தாமே பார்த்து ஏறி வந்ததாகக் கூறினார்.