பாதி மானியம், முழு உரிமை

தாட்கோ என்றதும் நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது கறவை மாட்டுக் கடன்தான். மேய்ச்சல் நிலமில்லாத தெருவில் வைக்கோலையும் விலைக்கு வாங்கி மாடு வளர்ப்பது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. மாடு செத்துப்போனால் கடன் மட்டும் மிஞ்சும். 2023-24இல் வந்த நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் வேறு வகை. நிலமற்ற ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, அதன் மதிப்பில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. நன்செய் இரண்டரை ஏக்கர் வரை, புன்செய் ஐந்து ஏக்கர் வரை வாங்கலாம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். நம்மில் பெரும்பாலோர் இன்னும் அடுத்தவர் வயலில்தான் நிற்கிறோம். அரை ஏக்கர் இருந்தாலும் போதும், ‘இன்று என் வயலில் வேலை’ என்று ஒரு பெண் சொல்ல முடியும். கூலி பேசும் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கவும் அவள் பெயரில் சிட்டா, அடங்கல் வேண்டும்.

சிக்கல் விற்பவரிடம் இருக்கிறது. நம் நிலம் நமக்குள்ளேயே கைமாறாமல் இருக்க, பிற சமூகத்தாரிடம்தான் வாங்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் ஊர்த்தெருக்காரர் சேரிப் பெண்ணுக்கு விற்க முன்வர வேண்டுமே! ‘அவளுக்கு விற்றால் நாளை வாய்க்கால் தண்ணீரில் பங்கு கேட்பாள்’ என்று பக்கத்து வயல்காரர் தடுப்பார். மீறி விற்பவரும் விலையை ஏற்றுவார். மானியம் போக மீதியைக் கந்துவட்டிக்கு வாங்கினால் நிலம் நிலைக்காது.

நிலைக்காமல் போன கதை நமக்குப் புதிதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையை அடுத்து, 1892இல் வெள்ளை அரசு பஞ்சமி நிலம் வழங்க ஆணையிட்டது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி இன்று பிறர் கையில்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று எடுங்கள். வண்டிப்பாதையும் பாசன உரிமையும் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். கிராம ‘அ’ பதிவேட்டையும் பார்க்கத் தவறாதீர்கள். விற்பவர் கையில் இருப்பதே பஞ்சமி நிலமாக இருந்தால், அதற்குப் பணம் தர வேண்டியதில்லை. மீட்டுத் தரச் சொல்லி ஆட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும்.