பாடசாலையிலிருந்து தொலைபேசி வந்தால்

"அஞ்சாம் வகுப்பு மட்டும் ஒரு சோலியும் இல்லை. இப்ப மாதத்துக்கு ரெண்டு தரம் பள்ளிக்கூடத்தில இருந்து போன் வருது." ஒன்ராறியோவில் 6, 7, 8ஆம் தரங்களில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து இந்த முறைப்பாட்டை நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஒழுக்கம் பற்றிய விடயம் சுகாதாரப் பகுதியில் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். இந்த வயதில் வகுப்பில் எழும் குழப்பங்களில் கணிசமான பங்கு உடலுடன் தொடர்புடையது என்பதாலேயே இங்கு எழுதுகின்றோம்.

கட்டிளமைப் பருவம் தொடங்கும்போது, நித்திரையைத் தூண்டும் மெலற்றோனின் என்னும் ஓமோன் இரவில் முன்னரிலும் பிந்தியே சுரக்கின்றது. அதனால் பிள்ளைக்குப் பத்து மணிக்கும் நித்திரை வருவதில்லை. ஆனால் காலையில் பாடசாலை பஸ் பிள்ளைக்காகக் காத்திருக்காது. கனடிய வழிகாட்டலின்படி 13 வயது வரை 9 முதல் 11 மணித்தியால நித்திரை தேவை. ஆறு, ஏழு மணித்தியாலம் மட்டும் தூங்கி, காலை உணவும் இல்லாமல் போகும் பிள்ளை எரிந்து விழுவதில் வியப்பில்லை. உணர்ச்சியை அடக்கிப் பின்விளைவை யோசிக்கும் மூளைப் பகுதி முழுமையாக முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதி ஆகின்றது. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையுடன் கதைத்துக்கொண்டுதான் இருக்கும். 20 வயதிற்கு உட்பட்டவர்களுக்கு வருடத்திற்கு ஒரு முழுமையான கண் பரிசோதனைக்கு ஓஹிப் பணம் செலுத்துகின்றது. அதைச் செய்துவிட்டுக் கோபப்படுவது நல்லது.

இனி அந்தத் தொலைபேசி அழைப்புக்கு வருவோம். எம்மவர்களில் பலருக்கு அது குடும்ப மானம் போன விடயம். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் அடி விழுகின்றது. அல்லது ஆசிரியரிடமே "நீங்கள் அடிச்சுத் திருத்துங்கோ" என்று சொல்லிவிடுகின்றோம். ஊரில் இது ஆசிரியருக்குக் கொடுக்கும் மரியாதை. இங்கு அதைக் கேட்கும் ஆசிரியருக்கு, இந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்குகின்றதோ என்ற சந்தேகமே முதலில் எழும். நியாயமான சந்தேகம் ஏற்பட்டால் சிறுவர் நலச் சங்கத்திற்கு அறிவிக்க வேண்டியது அவரது சட்டக் கடமை. ஆசிரியர் தண்டனையாக அடிக்க முடியாது என்றும், பதின்ம வயதினரை அடிப்பதற்கும், எந்த வயதுப் பிள்ளையையும் தடி, பெல்ற் போன்றவற்றால் அல்லது தலையில், முகத்தில் அடிப்பதற்கும் பெற்றோருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்றும் கனடிய உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. சட்டத்தை விடுங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை அடுத்த கடிதத்தைப் பாடசாலைப் பைக்குள் ஒளித்து வைக்கும். அப்போது விடயம் உங்களுக்குத் தெரிய வருவது இடைநிறுத்தத்தின் பின்புதான்.

அழைப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தமல்ல. 2001 முதல் இங்கு நடைமுறையில் இருந்த கடுமையான முறை மாற்றப்பட்டு, 2008 பெப்ரவரி முதல் படிப்படியான ஒழுங்கு நடவடிக்கை என்னும் முறை நடைமுறையில் உள்ளது. பிள்ளையுடன் பேசுதல், பெற்றோரை அழைத்தல், செய்ததைச் சரிசெய்ய வைத்தல், ஆலோசகரிடம் அனுப்புதல் போன்றவை இதில் அடங்கும். அழைப்பு பெரும்பாலும் இந்தக் கீழ்ப்படிகளில் ஒன்றே. பயமுறுத்தல், ஆசிரியரைத் தூஷண வார்த்தையால் ஏசுதல், மற்றப் பிள்ளைகளைத் தொடர்ந்து துன்புறுத்துதல், மதுபானம் வைத்திருத்தல் போன்றவற்றுக்கு அதிபர் 1 முதல் 20 பாடசாலை நாட்கள் வரை இடைநிறுத்தலாம். 24 மணித்தியாலத்திற்குள் உங்களுக்கு அறிவிக்க அவர் முயற்சி எடுக்க வேண்டும். முடிவு பிழை என்று கருதினால், இடைநிறுத்தம் தொடங்கி 10 பாடசாலை நாட்களுக்குள் கல்விச் சபைக்கு எழுத்தில் மேன்முறையீடு செய்யலாம். ஆனால் மேன்முறையீடு செய்ததால் இடைநிறுத்தம் நின்றுவிடாது.

எமது பெற்றோர் பலர் அறியாத ஒன்றுண்டு. தீர்மானிக்கும் முன் அதிபர் பிள்ளையின் வயது, முந்தைய நடத்தை, விசேட கல்வித் தேவை என்பவற்றைக் கவனிக்க வேண்டும். இனம், நிறம், மதம் போன்றவற்றைக் காரணமாகக் கொண்ட தொந்தரவுக்கும் நடந்த சம்பவத்துக்கும் தொடர்பு உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பெயரைத் திரித்தும் மதியச் சாப்பாட்டை மணந்து பார்த்தும் மாதக்கணக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளை ஒரு நாள் கையை ஓங்கியிருக்கலாம். கையை ஓங்கியது பிழைதான். ஆயினும் அந்த மாதங்களைப் பற்றி அதிபருக்கு யார் சொல்வது? பிள்ளை வெட்கத்தில் சொல்லாது. நாம் வீட்டில் ஆறுதலாகக் கேட்டு அறிந்து, திகதிகளுடன் எழுதிக் கொண்டு போக வேண்டும்.

சந்திப்புக்குப் போகும்போது பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். "தாங்க முடியாத தொல்லை" என்று அதிபர் சொல்வது, தமிழில் "கொஞ்சம் கதைக்கிறானாம்" என்று வந்து சேரும். பிள்ளையைக் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பாடசாலை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

கைத்தொலைபேசி பற்றி ஒரு வார்த்தை. 2024 செப்ரெம்பரில் வந்த விதியின்படி 6ஆம் தரம் வரை பாடசாலை நாள் முழுவதும், 7ஆம் தரம் முதல் வகுப்பு நேரத்தில், ஆசிரியர் அனுமதியின்றிப் பாவிக்கக் கூடாது. வகுப்பு நேரத்தில் பிள்ளைக்கு அழைப்பு எடுப்பவர்களில் அம்மாமாரும் அடங்குவர் என்பதை மெல்லச் சொல்லி வைக்கின்றோம்.

தொலைபேசி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. தேர்ச்சி அறிக்கை வந்ததும் நாம் நேரே கணிதப் புள்ளிக்குப் போகின்றோம். முதற் பக்கத்தில் பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூடி வேலை செய்தல், முன்முயற்சி, தன்னைக் கட்டுப்படுத்தல் என்று ஆறு விடயங்கள் உள்ளன. இவற்றுக்குப் புள்ளி இல்லை. மிக நன்று, நன்று, திருப்தி, முன்னேற்றம் தேவை என்ற நான்கில் ஒன்றே குறிக்கப்படும். பிள்ளை வகுப்பில் எப்படி நடக்கின்றது என்று ஆசிரியர் எழுதித் தரும் இடம் அதுவே. தன்னைக் கட்டுப்படுத்தலில் கடந்த முறையிலும் ஒரு படி ஏறியிருந்தால், கணிதத்திற்கு முன் அதைச் சொல்லிப் பாராட்டுங்கள். "கெட்டிக்காரன்" என்று பொதுவாகச் சொல்வதிலும், "கோபம் வந்தும் நீ வகுப்பை விட்டு வெளியே போகவில்லையாம், மிஸ் எழுதியிருக்கிறா" என்று சொல்வது பிள்ளைக்கு விளங்கும். "முன்னேற்றம் தேவை" என்றிருந்தால், பெற்றோர் சந்திப்பில் எந்தப் பாடத்தில், எந்த நேரத்தில், யாருக்குப் பக்கத்தில் இருக்கும்போது இப்படி நடக்கின்றது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மதிய உணவுக்கு முந்திய பாடத்தில் மட்டும் என்று பதில் வந்தால், காலை உணவிலிருந்து தொடங்கலாம்.