‘ஏலாது’ என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்

வியாபாரிகளாகிய நாம் எதையும் பார்த்து, தொட்டு, விலை பேசி வாங்கிப் பழகியவர்கள். அரிசி மூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்காமல் கொள்வனவு செய்வதில்லை. புதிதாகக் கடனுக்குச் சாமான் கேட்டு வருபவர் எந்த ஊர், யாருடன் தொழில் செய்தவர், முன்னைய கணக்கை எப்படித் தீர்த்தார் என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் ஒரு பெட்டியும் கொடுப்பதில்லை. ஆனால் வீட்டில் ஒரு பிளக் பொயின்ட் கருகிவிட்டால், கடையில் பாதி லைட் எரியாமல் போனால், “கரண்ட் வேலை தெரிந்த ஆள் யாராவது இருக்கிறாரா?” என்று கேட்டு முதலில் அகப்படுபவரைக் கூட்டி வந்துவிடுகிறோம்.

வயரிங் வேலை கண்ணுக்குத் தெரியாத சரக்கு. டைல்ஸிலோ பெயின்டிலோ குறை இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். வயரைச் சுவருக்குள் பதித்து சீமெந்து பூசிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கு மாத்திரமே தெரியும். பிழையான வயரிங்கிலும் லைட் எரியும், பேன் சுற்றும். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு நாள் அது தன் கணக்கைக் கேட்கும். அந்த நேரம் செய்தவரின் தொலைபேசி இலக்கம்கூட நம்மிடம் இருக்காது. முப்பது வருடமாகக் கடை நடத்துபவன் என்ற வகையில் பல எலக்ட்ரீஷியன்மாரோடு பழகியிருக்கிறேன். நம்பகமானவரை எப்படி இனங்கண்டு கொள்வது என்பதில் எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்கிறேன்.

பொயின்ட் கணக்குக்குள் இருப்பது

நம் நாட்டில் வயரிங் வேலைக்குப் பெரும்பாலும் பொயின்ட் கணக்கில்தான் விலை பேசப்படுகிறது. லைட் பொயின்டுக்கு இவ்வளவு, பிளக் பொயின்டுக்கு இவ்வளவு, சாமானோடு சேர்த்து. நாம் மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைத்துச் சொன்னவரிடம் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி வேலையைக் கொடுக்கிறோம். அவர் எங்கே குறைப்பார்? தன் வீட்டுச் செலவையா குறைக்கப் போகிறார்? வயரில்தான் குறைப்பார்.

லைட்டுக்கு 1/1.13 வயர் போதும். அது ஒற்றைக் கம்பி, 1 சதுர மில்லிமீற்றர். பிளக் பொயின்டுகளுக்கு 7/0.67 போட வேண்டும். அது ஏழு இழை, 2.5 சதுர மில்லிமீற்றர். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பிளக்குக்கும் லைட் வயரையே இழுத்துவிட்டால் ஒரு மிச்சம். எர்த் வயரை விட்டுவிட்டால் இன்னொரு மிச்சம். இரண்டையும் நீங்கள் வெளியிலிருந்து காண முடியாது.

ஆகவே கூலியை வேறாகவும் சாமானை வேறாகவும் பேசுங்கள். என்ன அளவு வயர், எத்தனை மீற்றர், எத்தனை அம்பியர் பிரேக்கர் என்று அவர் கைப்பட ஒரு பட்டியல் வாங்குங்கள். பழைய சோனகத் தெருவிலோ உங்கள் ஊர் ஹார்ட்வெயார் கடையிலோ எஸ்.எல்.எஸ். இலட்சினை பார்த்து நீங்களே பில்லோடு வாங்குங்கள். பட்டியல் எழுதித் தரத் தயங்குபவர், “எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று மட்டும் சொல்பவர், உங்களுக்குப் பொருத்தமானவர் அல்ல.

விலைக்கு முன் கேள்வி

நல்ல எலக்ட்ரீஷியன் வந்தவுடன் விலை சொல்லமாட்டார். வீட்டில் என்னென்ன ஓடுகிறது என்று கேட்பார். மெயின் சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்ப்பார். வயரிங் எந்தக் காலத்தில் செய்தது என்று விசாரிப்பார்.

ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. சாதாரண வீட்டு இணைப்பு 230 வோல்ட், ஒற்றை பேஸ், 30 அம்பியர். பெருக்கினால் 6,900 வொட். சுடுநீர் ஹீட்டர் 3,500, கேத்தல் 2,000, அயன் 1,000, ஏசி 1,000 என்று நான்கும் ஒரே நேரத்தில் ஓடினால் 7,500 வொட் ஆகிவிடும். நோன்பு காலத்தில் சஹர் நேரம் நம் வீடுகளில் இது நடக்கும் காரியம்தான். 1980களில் நாலு பல்பும் இரண்டு பேனும் ஒரு ரேடியோவும் ஓடுவதற்காக வயரிங் செய்த வீட்டில் இதை ஏற்றினால் வயர் சுடும். அதன் உறை மெல்ல மெல்லக் காய்ந்து வெடிக்கும்.

வீட்டுக்கு ஏசி பூட்டக் கேட்டால், “இந்த வயரில் பூட்ட ஏலாது ஹாஜியார், மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, தனி பிரேக்கர் போட வேண்டும்” என்று சொல்பவர் செலவு வைக்கிறார் என்று நமக்குத் தோன்றும். பக்கத்துப் பிளக்கிலேயே குத்திவிட்டுப் போகிறவர் நல்லவராகத் தெரிவார். உண்மை நேர்மாறானது.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தபோது

புறக்கோட்டையில் என் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு நண்பர் துணி வியாபாரம் செய்கிறார். சில வருடங்களுக்கு முன் பெருநாளுக்குப் பத்து நாள் இருக்க, மழை பெய்த ஒரு பின்னேரம், அவருடைய ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. போட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி விழும். கடை நிறைய ஆட்கள். அவசரத்தில் கூப்பிட்ட ஒருவர் வந்து, “சுவிட்ச் பழுதாகிவிட்டது, அதை விட்டு நேரே கொடுத்துவிடுகிறேன், பெருநாள் முடிய மாற்றுவோம்” என்றார். நண்பருக்கும் அது சரியாகவே பட்டது.

நல்ல வேளை, அவருடைய மகன் வேறொரு பாஸையும் அழைத்திருந்தார். அவர் வந்து பார்த்துவிட்டு, “நேரே கொடுக்கிறதென்றால் என்னால் ஏலாது, வேறு ஆளைப் பாருங்கள் முதலாளி. அரை மணித்தியாலம் தந்தால் எங்கே லீக் என்று கண்டுபிடித்துத் தருகிறேன்” என்றார். எல்லா பிரேக்கரையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டார். ஐந்தாவதைப் போட்டதும் ட்ரிப் விழுந்தது. அது கடைக்கு முன்னால் தொங்கிய பெயர்ப்பலகை லைட்டின் வயர். மழைத்தண்ணீர் அதன் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. பலகையின் சட்டம் இரும்பு. அதன் கீழேதான் வாடிக்கையாளர்கள் துணி தெரிவு செய்து கொண்டிருந்தார்கள். அந்த ஒரு வயரை மட்டும் கழற்றி வைத்தார். வியாபாரம் தொடர்ந்தது. ட்ரிப் சுவிட்சில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

ட்ரிப் சுவிட்ச் செய்யும் வேலை இதுதான். போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கிறது. வீடுகளில் போடுவது 30 மில்லி அம்பியருக்கு உரியது. அந்தளவு கரண்ட் வேறு வழியால், ஒரு மனிதனின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போனாலும், கணப்பொழுதில் துண்டித்துவிடும். அதை விலக்கி நேரே கொடுப்பது, காவற்காரன் கத்துகிறான் என்பதற்காக அவனை வேலையால் நிறுத்துவதற்குச் சமம். அதிலுள்ள ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள்.

மீற்றரும் ஜெனரேட்டரும்

நாணயத்தை அளக்க இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது மீற்றர். மீற்றரும் அதற்கு முந்திய வயரும் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை. சீலைத் தொட வெளி ஆள் எவருக்கும் உரிமை கிடையாது. “பில்லைக் குறைத்துத் தருகிறேன்” என்று காதோடு காதாகச் சொல்பவரை அன்றே அனுப்பிவிடுங்கள். பிடிபட்டால் வழக்கு உங்கள் பெயரில் வரும். மின்சாரம் தருபவரை ஏமாற்றத் துணிந்தவர் உங்களுக்கு மட்டும் நேர்மையாக இருப்பாரா?

இரண்டாவது ஜெனரேட்டர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்கமாட்டோம். அந்தக் காலத்தில் பல கடைகளிலும் வீடுகளிலும் சிறு ஜெனரேட்டர்கள் வந்து சேர்ந்தன. சிலர் இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனரேட்டரைச் சுவர்ப் பிளக்கில் குத்தினார்கள். மெயின் சுவிட்சை இறக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே ரோட்டு லைனுக்கும் போகும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் அடிபடுவார். ஒழுங்கான எலக்ட்ரீஷியன் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கோடு இணைக்கமாட்டார். அப்படிப்பட்ட இரட்டைப் பிளக் வயர் உங்களிடம் இன்னும் இருந்தால் வெட்டி எறிந்துவிடுங்கள்.

எங்கே தேடுவது?

புது வீட்டுக்காரரிடம் விசாரிப்பதில் பலனில்லை. ஐந்து, பத்து வருடத்துக்கு முன் வயரிங் செய்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அந்த பாஸ் பின்னர் கூப்பிட்டபோது வந்தாரா என்றும் கேளுங்கள். ஊர் ஹார்ட்வெயார் கடைக்காரருக்கு யார் சரியான அளவு வயர் வாங்குகிறார், யார் மலிவானதைத் தேடுகிறார் என்பது நன்றாகத் தெரியும்.

என்.வி.கியூ. சான்றிதழ் உண்டா என்று கேட்பதில் வெட்கப்படத் தேவையில்லை. பாடசாலை விட்டு நேரே தொழிலுக்கு வந்து அனுபவத்தால் கற்றவர்களும் தம் திறமையைக் காட்டி நைட்டா நிறுவனத்தினூடாக அதைப் பெறலாம். நல்ல தொழில் தெரிந்து பேப்பர் இல்லாதவராக இருந்தால் இந்த வழியை அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். அதுவும் ஒரு உதவிதான்.

முதலில் சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். ஒரு பிளக் பொயின்டை மாற்றச் சொல்லுங்கள். மெயினை இறக்கிவிட்டுத் தொடுகிறாரா, வயர் நுனியை இறுக்கிப் பூட்டுகிறாரா, எர்த்தைச் சோதிக்கிறாரா என்று பக்கத்தில் நின்று கவனியுங்கள். டெஸ்டர் ஸ்குரூட்ரைவர் மட்டும் உள்ளவருக்கும் மல்டிமீற்றர், மெகர் வைத்திருப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. முழு வீட்டுக்கும் வயரிங் மாற்றும்போது விலை பேச வந்த பாஸே வேலைக்கும் வருகிறாரா, அல்லது உதவிக்கு வரும் பையனிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறாரா என்று பாருங்கள். சீமெந்து பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்த பிரேக்கர் எந்த அறைக்கு என்று பெட்டியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

நம் பக்க நாணயம்

இவ்வளவும் பார்த்து ஒருவரைத் தெரிவு செய்த பின் நாமும் சரியாக நடக்க வேண்டும். மோசமான வயரிங்கில் பாதி எலக்ட்ரீஷியன் செய்தது என்றால், மறுபாதி வீட்டுக்காரர் செய்யச் சொன்னது. “இப்போதைக்கு ஒட்டிவிடு தம்பி, பிறகு பார்ப்போம்” என்று சொல்வது நாம்தான். ‘ஏலாது’ என்று சொன்னவரை விட்டு, ஏலும் என்பவரைத் தேடிப் போவதும் நாம்தான். இப்படியே போனால் நேர்மையானவர் தொழிலை விட்டுப் போய்விடுவார், மற்றவர் மிஞ்சுவார்.

கூலியை மூன்றாகப் பிரித்துப் பேசுங்கள். ஆரம்பத்தில் ஒரு பங்கு, நடுவில் ஒரு பங்கு, எல்லாவற்றையும் சோதித்துக் காட்டிய பின் கடைசிப் பங்கு. அந்தக் கடைசிப் பங்கை அன்றைக்கே கையில் கொடுங்கள். நாளை வா, வெள்ளிக்கிழமை வா என்று அலைக்கழித்தால், பெருநாள் இரவு பத்து மணிக்கு நீங்கள் அழைக்கும்போது அவருடைய தொலைபேசி ஓய்ந்துதான் இருக்கும்.

சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் ஆட்கள் எந்த ஊரிலும் நிறையக் கிடைப்பார்கள். உங்கள் முகத்துக்கு நேரே, வேலை கைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்று ‘ஏலாது’ சொல்லக்கூடிய ஒருவர் கிடைத்தால், அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். அவருடைய இலக்கத்தை வீட்டு மெயின் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி வையுங்கள். நாம் கடையில் இருக்கும் நேரம் வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் தேவைப்படும்.